ஐநூற்றுப் பன்னிரண்டாவது சிப்பாயைக் கண்டவருக்கு

பழுதைப் பழுதென்றே பகர்ந்த பெரியவரே! ஓடுகிற மோட்டாரின் ஓசைக்குள் ஒளிந்திருக்கும் குறையை உள்ளங்கை வைத்தே உணர்ந்தவரே! கெஞ்சினாலும் மிஞ்சினாலும் கையெழுத்தை இரவல் தராத கறார்க்காரரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் உழைத்து, பரிசோதனைப் பிரிவின் தலைவராக இன்று ஓய்வு பெறுகிறீர்கள் என்று எழுதத்தான் எங்களுக்கு ஆசை. அலுவலக ஏட்டில் நீங்கள் ஸ்டோர்ஸ் உதவியாளர். அந்த ஏட்டை அப்படி எழுத வைத்தவர்கள் நாங்கள். திரு. மருதாசலம் அவர்களே, வணக்கம்!

இனி வரும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் முன்வரிசையில் உங்கள் துணைவியார் முத்தாத்தாள் அவர்களும், மகள் லோகப்பிரியாவும் அமர்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் பம்பு ஆலைத் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்விப்பட்டது வேறு. ஆகவே உங்களை 'அவர்' என்று தள்ளி நிறுத்தி, அவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொள்கிறோம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை என்பது இன்னொரு காரணம்.

மருதாசலம் 1966இல் நமது பம்பு ஆலையில் சேர்ந்தார். பத்தாண்டுகளில் கடைசிப் பரிசோதனை அவர் கைக்கு வந்தது. மற்றவர்கள் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள்; அவர் தொட்டித் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஓடவிட்டு, மதியச் சாப்பாட்டையும் அதன் பக்கத்திலேயே முடிப்பார். நன்றாக இருந்தால் அடிப்பாகத்தில், ஆலை தமக்குக் கொடுத்த ஏழு என்ற எண்ணைக் குத்துவார். ஆனைமலைத் தென்னந்தோப்புக்காரர்கள் கடையில் பம்பைக் கவிழ்த்து அந்த ஏழாம் எண்ணைத் தேடிவிட்டுத்தான் விலை பேசினார்கள்.

1996இல் முதலாளி திருமலைசாமி அவர்கள் சரவணம்பட்டியில் மென்பொருள் பிரிவு தொடங்கினார். லண்டன் கம்பெனி ஒன்றுக்கு ஒரு கணினி விளையாட்டை மாற்றித் தருவதுதான் முதல் வேலை. கோட்டை கட்டி, சுரங்கம் தோண்டி, சிப்பாய்களைத் திரட்டி எதிரியை அடிக்கும் போர் விளையாட்டு. சதுரங்கம்போல் முறை வைத்து ஆடுவதில்லை. நாம் யோசிக்கும் நேரத்திலும் எதிரி வந்துகொண்டே இருப்பான். கணினியில் மவுஸைப் பிடித்து ஆடுவதை, வீட்டு டிவியில் மாட்டும் சின்னப் பெட்டியில், கையில் பிடிக்கும் பொத்தான்களால் ஆடும்படி செய்ய வேண்டும். மவுஸ் கிடையாது. நினைவகமோ கணினியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு.

பரிசோதிக்க ஒருவர் வேண்டும் என்றபோது மருதாசலத்தை அனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் இருபத்தைந்துக்கு உட்பட்டவர்கள். அவருக்கு வைத்த பெயர் 'பம்புசெட் சார்'. முதல் நாள் பொத்தான் கட்டையை அவர் தலைகீழாகப் பிடித்ததை ஒரு வாரம் நடித்துக் காட்டிச் சிரித்தோம்.

இரண்டாம் வாரம் அவர் பெட்டியைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் வந்து, "எழுத்து ஒண்ணும் தெரியலீங்க. கம்ப்யூட்டர்னா மூக்குக்கிட்ட வெச்சுப் பாப்பீங்க. ஊட்டுல சோபாவுல சாஞ்சு பாக்கறவனுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றார். எழுத்தைப் பெரிதாக்கினோம். அம்புக்குறி சிப்பாயைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது, ஆள் பக்கத்தில் வந்தால் அதுவே மெதுவாகட்டும் என்றார். அப்படியே செய்தோம். அந்த ஒரு மாற்றத்தை லண்டன்காரர்கள் தொலைபேசியில் வியந்து பாராட்டினார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டவன் எங்கள் தலைமை நிரலாளர் நஞ்சுண்டன்.

1997 செப்டம்பரில் வேலை முடிந்ததாக நாங்கள் நினைத்தோம். மருதாசலம் பழைய வழக்கப்படி எட்டு மணி நேர ஓட்டம் வைத்தார். இரண்டு டிவி, இரண்டு பெட்டி, நடுவில் ஒரு கேபிள்; ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவரது உதவியாளர் சித்திகா. மூன்றே முக்கால் மணி நேரத்தில் திரை உறைந்தது. மறுநாள் இரண்டு மணி நேரத்திலேயே உறைந்தது.

"சூடாயிருச்சோ என்னமோ, தண்ணி ஊத்துங்க சார்" என்றான் ஒருவன். அறையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. நேரம் மாறுகிறதென்றால் மாறாத வேறொன்று இருக்க வேண்டும் என்று சித்திகாவிடம் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு நோட்டு வைத்து, படைவீட்டிலிருந்து ஒரு சிப்பாய் வெளியே வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டார்கள். ஐந்து நாள் ஆடி ஐந்து முறை உறைந்த பிறகு கோடுகளைக் கூட்டினார்கள். ஐந்து முறையும் இரு பக்கமும் சேர்த்து ஐநூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்கள். அதற்கு அடுத்தவன் காலெடுத்து வைத்தால் விளையாட்டு நிற்கிறது.

"செத்தவன் எந்திரிச்சே போக மாட்டேங்கறான் அம்மணி. திரையிலதான் மறையறான். உள்ளார எடத்தைப் புடிச்சுட்டுப் படுத்திருக்கான். புதுசா வாரவன் எங்க நிப்பான்?" என்றார் சித்திகாவிடம். நிரல் எழுதுவதில் ஒரு வரிகூட அறியாத மனிதர் சொன்னது அது.

அந்த எண்ணைக் கேட்டதும் நஞ்சுண்டனுக்குப் புரிந்துவிட்டது. சின்ன நினைவகத்துக்காகச் சிப்பாய்ப் பட்டியலை ஐநூற்றுப் பன்னிரண்டு இடங்களாகச் சுருக்கியவன் அவன். செத்தவர்களின் இடத்தைக் காலி செய்ய மறந்தவனும் அவனே. சரிசெய்ய இரண்டு நாள் வேலை என்று அவரிடம் அவனே சொன்னான். ஆனால் விளையாட்டு டிஸ்க் மறுநாள் லண்டனுக்குப் புறப்பட வேண்டும். தவறு தன்னுடையது என்றும் சொல்ல வேண்டும்.

முதலாளி அவர்கள் சோதனைச் சான்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஏனுங்க மருதாசலம், ஒரு கையெழுத்துங்க. நாளைக்குப் பொறப்படோணும்."

"போட முடியாதுங்க. நிக்குதுங்க அது."

"அத்தனை நேரம் எவனுங்க ஆடுவான்?"

"கடைசிக் கோட்டையைப் புடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆச்சுங்க. நடுவுல சேமிச்சு வெக்கவும் வழியில்லீங்க. நாலு மணி நேரம் ஆடுனவன் கண்ணு முன்னால நின்னுபோனா நம்மளைத்தான் வைவான். ரெண்டு நாள் குடுங்க, நஞ்சுண்டன் தம்பி சரி பண்ணிப்போடும்."

முதலாளி திரும்பினார். "ஏனுங்க தம்பி, அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றான் நஞ்சுண்டன். "சாரு இதையும் பம்பு மாதிரியே பாக்கறாருங்க."

மறுபடியும் அறை சிரித்தது. சித்திகா மட்டும் தரையைப் பார்த்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. அந்த அறையில் யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ரொம்ப மரியாதையாக ஒரு மனிதரைத் தனியாக நிற்கவிட்டோம். அவர் தம் பரிசோதனை ஏட்டில், 'சிப்பாய் 512. அதற்கு மேல் நிற்கிறது. பாஸ் இல்லை' என்று எழுதி, தேதியிட்டு எழுந்து போனார். அவர் போடாத இடத்தில் நாங்கள் பதினொரு பேர் 'கூட்டுச் சோதனை' என்ற பெயரில் கையெழுத்துப் போட்டோம்.

ஜனவரியில் லண்டனிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. கடைசிக் கோட்டையின் வாசலில் விளையாட்டு உறைகிறது என்று வாங்கியவர்கள் கடைகளில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வேலை எங்களுக்கு இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

விசாரணை நடந்தது. பரிசோதனைக்குத் தலைவர் யார்? மருதாசலம். சான்றில் அவர் கையெழுத்து இல்லாததை எங்களில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. முன்பே சொன்னதாகச் சொல்கிறாரே, அந்த ஏடு எங்கே? ஏடு காணோம். நஞ்சுண்டனைக் கேட்டார்கள், அப்படியோர் ஏட்டைப் பார்த்ததே இல்லை என்றான். அது அவன் மேசை இழுப்பறையில், பழைய ஒயர்களுக்கு அடியில் கிடந்தது. எங்களில் நான்கு பேருக்கு அது தெரியும். 'கடமையில் அலட்சியம்' என்ற மெமோவைப் பணிப்பதிவேட்டில் ஒட்டி, அவரைப் பம்பு ஆலை ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள். ஏழாம் எண் குத்தும் உளியைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பதினைந்து மாதங்கள் அவர் போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுத்தார். அவர் முன்பு வேலை பழக்கிவிட்ட பையன்களே கவுண்டரில் வந்து நின்று, "ஏனுங்கய்யா, இதையாச்சும் சரியா எண்ணிப்போட்டீங்களா, இல்ல இதுவும் பாதியில நின்னுபோகுமுங்களா?" என்று கேட்டார்கள். அவர் மறுபடி ஒருமுறை எண்ணிக் கொடுத்தார். ஒருநாளும் எங்கள் பெயரைச் சொல்லவில்லை.

போன வாரம் நஞ்சுண்டன் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான். நாங்களும் உடன் போனோம். மெமோவை நீக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். முதலாளி அவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ரிட்டையர் ஆகறவருக்கு இதெல்லாம் இனி எதுக்குங்க? நல்ல சால்வையாப் பாத்து வாங்குங்க" என்றார். சால்வை வாங்கியிருக்கிறோம். நல்ல சால்வைதான்.

இந்த மேடையில் இதைப் படிக்க எங்கிருந்து தைரியம் வந்தது என்று சிலர் கேட்கலாம். இன்றோடு மென்பொருள் பிரிவை மூடுகிறார்கள். போக இருக்கிற வேலையைக் காட்டி எங்களை இனி யாரும் மிரட்ட முடியாது. வேலை இருந்தபோது வராத தைரியம் இது. இதற்காக எங்களை யாரும் மெச்ச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்கு அழைத்து, இந்த மடலைப் படிக்கப்போவதையும் சொல்லக் கோவில்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். முத்தாத்தாள் அவர்கள் கதவைத் திறந்தார்கள். "பதினஞ்சு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காப்பி போடப் போனார்கள்.

நஞ்சுண்டன் எல்லாவற்றையும் சொன்னான். மருதாசலம் குறுக்கே பேசாமல் கேட்டார். மன்னிப்பும் கேட்டோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஐநூத்திப் பன்னெண்டைச் சரி பண்ணிப்போட்டீங்களா?"

"இல்லீங்க சார்" என்றான் நஞ்சுண்டன். "அதுக்கப்பறம் யாரும் கேக்கலீங்க."

"ரெண்டு நாள் வேலைன்னீங்களே தம்பி."

நஞ்சுண்டன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்பறம் எனக்கு மடல் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து உள்ளே போனார். காப்பியை நாங்கள் பாதி குடித்தும் குடிக்காமலும் வைத்துவிட்டு வந்தோம்.

ஐயா, இன்று நீங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பதே எங்களுக்குப் பெரிது. மடல் எதற்கு என்று கேட்டீர்கள். சொல்ல முடிந்தது ஒன்றுதான். உங்கள் மனைவியும் மகளும் கேட்க, நீங்கள் வேலை பழக்கிய பிள்ளைகள் கேட்க, முதலாளி அவர்கள் கேட்கச் சொல்கிறோம்: அந்த டிஸ்கை நீங்கள் பாஸ் செய்யவில்லை. நாங்கள் செய்தோம்.

நோயில்லாத உடலும், நிம்மதியான உறக்கமும், பேரன் பேத்திகளின் பேச்சொலியும் சூழ நூறாண்டு வாழுங்கள். எங்களை மன்னித்துவிட்டுத்தான் வாழ வேண்டும் என்று கேட்க மாட்டோம். மன்னிக்காமலும் நலமாக வாழுங்கள்.

கோயம்புத்தூர்
31.5.1999

தலைகுனிந்து,
நஞ்சுண்டன், சித்திகா,
மற்றும் அன்று கையெழுத்திட்ட மென்பொருள் பிரிவு ஊழியர்கள் ஒன்பது பேர்