எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தவன்

"எழும்பு, இன்னும் ஒருக்கா அடிபடுவம் எண்டு சொல்லித்தான் அவன் எதிரிக்குத் தண்ணி குடுக்கிறான் அக்கா."

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் வள்ளத்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பேச்சு, பாரிசிலிருந்து யாரோ அனுப்பிய, பிரெஞ்சில் பேசும் ஜப்பான் காட்டூன் கசற்றையும் அதில் ஓர் ஊருக்கு வந்து சண்டைபோடும் வீரனையும் பற்றியது. ஜெனரேற்றர் வைத்து அயலே கூடிப் பார்த்ததாம்.

"எதிரியிலயும் இரக்கம் எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்," என்றார் மூத்தவர்.

"பிரெஞ்சு விளங்காமல் நாங்களாக் கட்டின கதை அது. பாரிசால வந்து நிக்கிற அண்ணை கேட்டுச் சொன்னவர். அவன் ஊரைக் காப்பாத்த வரேல்லையாம். அங்க பலமான ஆள் ஒருத்தன் நிக்கிறான் எண்டு கேள்விப்பட்டு வந்தவனாம்."

"அப்ப ஊர்?"

"ஊர் அவன் சண்டை பிடிச்ச இடம். அவ்வளவுதான்."

தூரத்தில் தீவு தண்ணீருக்குச் சற்று மேலே மிதந்தது. எவ்வளவு போயும் கிட்ட வரவில்லை.

"அப்ப கெட்டவன் எண்டுறீரோ?"

"கெட்டவன் எண்டு சொல்ல ஏலாது அக்கா. ஆரையும் ஏமாத்தேல்லை. சண்டை முடிய அவன்ர முகம் வாடிப்போகுது. சனமெல்லாம் சந்தோசப்படேக்க அவன் மட்டும் தனிய நிக்கிறான்."

மூத்தவர் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்.

"என்ர மகன் இயக்கத்தில சேந்து சண்டைக்குப் போன அண்டைக்கு வாசல் படலையில நிண்டு திரும்பிச் சிரிச்சவன். நான் பயப்பிடக்கூடாதெண்டு சிரிக்கிறான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."