பதம் அக்கா தன் தலையில் போட்டுக்கொண்ட தவறு

தோல் துண்டிலும் தூய்மை கண்ட தலைமகளே, சுண்ணாம்புத் தொட்டியின் சூட்சுமம் அறிந்த சோதரியே, முதல் நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த எங்களை முப்பத்தோர் ஆண்டுகளாக மேய்த்துக் கரைசேர்த்த ஜெலட்டின் பிரிவின் தலைவியே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பதம் அக்காவே, வணக்கம்!

தோல் பதனிடுவோர் வேண்டாமென்று வெட்டி எறிந்த ஓரத் துண்டுகளை வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, அலசி, மறுபடியும் அலசி, இளஞ்சூட்டில் சாறு இறக்கி, வடித்து, உலர்த்தி, கேப்சூல் மாத்திரைக் கூடு செய்யுமளவுக்குத் தெளியவைத்த கரங்கள் உங்களுடையவை. அலசியது போதும் என்று நாங்கள் சலித்தபோதெல்லாம், "போதும்னு தண்ணி சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க" என்பீர்கள். வீட்டுத் துணிக்கும் இதே கதிதான் என்று உங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் முறையிட்டிருக்கிறார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாத்திரைக் கூடு செய்யும் கம்பெனியிலிருந்து சோதனையாளர் வரவிருந்த நாள். நீராவி வால்வைத் திறந்தவர் அதை மூடாமல் சாப்பிடப் போய்விட்டார். சூடு மிஞ்சிய சாறு, குளிரவைத்தும் உறையாமல் கொழகொழவென்று கிடந்தது.

"நல்ல சரக்கோட கலந்துடலாம்க்கா, யாருக்கும் தெரியாது" என்றோம்.

"மாத்திரை முழுங்குறவங்க நம்மள நம்பித்தானே முழுங்குறாங்க? இது பசைக்குப் போகட்டும்" என்றீர்கள்.

ஆர்டர் கைநழுவியது. யார் செய்தது என்று மேலாளர் கேட்டார். வால்வைத் திறந்தவர் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான் போயிருப்பார். "என் பிரிவு, என் தப்பு" என்று சொல்லிவிட்டு நீங்கள் தொட்டி கழுவப் போய்விட்டீர்கள். உங்கள் பதவி உயர்வு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எங்களுக்குள் இருக்கிறது.

இதற்குமேல் வாசிக்க வேண்டாமென்று நீங்கள் கண்ணாலேயே அதட்டுவது தெரிகிறது. இன்று ஒருநாள் உங்கள் சொல்லை மீறுகிறோம். மேலாளர் அமர்ந்திருக்கும் இந்த அவையில் உரக்கச் சொல்கிறோம்: அந்தத் தவறு உங்களுடையதன்று. பணிப்பதிவேட்டில் உங்கள் பெயர்மீது ஏறிய அந்த வரியை நீக்கக் கோரி, பிரிவினர் அனைவரும் இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நோயின்றி, கவலையின்றி, மணி அடித்தால் எழவேண்டிய அவசியமுமின்றி நூறாண்டு வாழுங்கள் அக்கா. இம்மடலைச் சட்டமிட்டு, பேரப்பிள்ளைகள் எட்டிப் படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
ஜெலட்டின் பிரிவினர்.

முதல் கையெழுத்து: அன்று வால்வை மூடாமல் சாப்பிடப் போனவன், இப்போது இதை வாசித்து நிற்கும் உங்கள் பாய்லர்காரன்.