மூன்று நாய்களும் ஒரு மருமகளும்

நாய் வளர்ப்பது பெரிய காரியமில்லை, ஐயா. எந்த நாய்க்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் மகன் வெள்ளைத்துரை ரங்கூனுக்குக் கப்பலேறும்போது மூன்று நாய்களையும் பெண்டாட்டியையும் என் பொறுப்பில் விட்டுப் போனான். "நான் வாரவரைக்கும் பத்திரமாப் பாத்துக்க ஆத்தா. ஒண்ணும் தொலஞ்சு போயிரக் கூடாது" என்றான்.

சிப்பிப்பாறை வேட்டைநாய். விடிந்ததும் பேரையூர்க் கரிசலில் மூச்சிரைக்க ஓடினால்தான் அதற்குச் சோறு இறங்கும். கோம்பை காவல்நாய்; சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வந்தால் அடங்கிவிடும். மகன் முன்பு ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சடைநாய்க்கு முற்றமே அதிகம். ஒருநாளும் நான் தவறவிட்டதில்லை. கட்டியே போட்டால் நாய் தன் காலைத் தானே கடிக்கும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு?

மருமகள் செல்லக்கிளிக்கும் முற்றம் போதும் என்றுதான் நினைத்தேன். அவளோ, "அத்தே, அழகர்கோவிலுக்கு ஒரு தடவ போயிட்டு வாரேன். இல்லாட்டி நாய்களுக்குப் பின்னால கரிசக்காடு வரைக்குமாச்சும் வாரேனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவன் வரட்டும்" என்றேன். வருஷக்கணக்காக அதையேதான் சொன்னேன்.

ஒரு காலையில் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து மதுரைச் சாலையை நோக்கி ஓடினாள். சிப்பிப்பாறையை அவிழ்த்துவிட்டேன். அது கடிக்கவில்லை; முந்திப் போய் மறித்து நின்றது. அன்றே அவளை உள்தூணோடு சங்கிலியில் பூட்டினேன். காலில் துணி சுற்றித்தான் பூட்டினேன். முதலில் அழுதாள். பிறகு பேச்சு நின்றது. கணுக்காலைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்வாள். மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

போன வாரம் நடுப்பகலில், ஆடிக் காற்றில், அடுப்புப் பொறி கூரையில் ஏறியது. தொழுவத்துக்குப் போய் மூன்று நாய்களையும் அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகும் நேரம் இருந்தது, ஐயா.

பக்கத்துத் தோட்டத்து மருது குடத்தோடு ஓடிவந்து, "மருமக எங்க, பெரியாத்தா?" என்று கேட்டான்.

"அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்காப்பா" என்றேன்.

சாவி என் மடியில் இருந்தது. "அத்தே" என்று அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. காற்றிரைச்சலில் மருதுவுக்குக் கேட்கவில்லை.

நாயை அவிழ்த்துவிட்டால், கூப்பிட்டதும் திரும்பி வரும். அவள் வரமாட்டாள். மகன் வந்து கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

இனி அவன் எப்போது வந்தாலும் தலைநிமிர்ந்து சொல்லுவேன்: "ஒம் பொண்டாட்டி எங்கயும் போயிரலப்பா."