மணி அடிக்காமலே

ராத்திரி பதினொண்ணரை இருக்கும். ஆளே இல்லாத ரோடு... ரெண்டு பக்கமும் உயரமான கம்பெனிச் சுவர். அதுல நம்ம ஃப்ரெண்டு சோடாவோட அக்கா தனியா நடந்து வேலைக்குப் போறா.

மெதுவா பேசுங்கப்பா. சோடா அந்தா கதவுகிட்ட தூங்கறா. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதான்.

அவ அக்காவுக்கு மருந்து ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. மனநோய்க்கு வர்ற புது மருந்தை முதல்ல எலிக்குப் போட்டுப் பார்ப்பாங்க. எலி ராத்திரிலதான் சுறுசுறுப்பா இருக்கும், அதனால டெஸ்ட்டும் ராத்திரிலதான். பழைய மருந்துல கை கால் விறைச்சுப் போகுமாம். புதுசுல அது கம்மி. ஆனா எலிங்க தின்னு தின்னு குண்டாயிடுதாம்.

"அப்போ நம்ம குண்டு அண்ணனும் அந்த மருந்துதான் சாப்பிடறாரா?"

"ஏய், உதை வாங்குவ."

ரெண்டு பேரும் வாயை மூடுங்க.

டெஸ்ட் என்னன்னா... ஒரு பெட்டி, நடுவுல தடுப்பு. மணி அடிக்கும். கொஞ்ச நேரத்துல எலி நிக்கற பக்கம் தரையில ஷாக் வரும். எலி சீக்கிரமே கத்துக்கும். மணி கேட்டதுமே அந்தப் பக்கம் தாவிடும். மருந்து போட்ட எலி தாவாது. காது கேக்கும். காலும் நல்லா இருக்கும், ஷாக் அடிச்சா ஓடும். ஆனா மணிக்கு... பயம் வராது. சும்மா உக்காந்திருக்கும்.

அன்னைக்கு அக்கா ஒரு எலிக்கு ஊசி போடறா. அது துள்ளினதுல ஊசி இவ கட்டைவிரல்ல ஏறிடுச்சு. மருந்து மொத்தமும் உள்ள போயிடுச்சு. மேல சொல்லணும். சொன்னா அந்த வாரத்து வேலையே வீணாகும்னு கையைக் கழுவிட்டு உக்காந்துட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு... கர் கர்னு சத்தம். கூண்டுல நகம் பிராண்டற சத்தம். பார்த்தா, மருந்து போடாத எலி எல்லாம் கதவுக்கு எதிர்ப் பக்கமா ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பெட்டியில கரண்ட்டே போடல. மணி அடிக்கவே இல்ல.

மருந்து போட்டது மட்டும் அசையல. மெதுவா தின்னுக்கிட்டிருக்கு.

வெளிய வராந்தாவுல... ஈரச் சாக்கை இழுத்துட்டு வர்ற மாதிரி சத்தம். நிக்குது. மறுபடி வருது. நனைஞ்ச சாம்பல் நாத்தம். அக்காவுக்குக் கேக்குது. எந்திரிச்சு ஓடணும்னு தெரியுது. ஆனா தோணல.

கதவு திறந்துச்சு.

காலையில வீட்டுக்கு வந்தா. குளிச்சா, சாப்பிட்டா, சிரிச்சுக்கிட்டே ராத்திரி நடந்ததையும் சொன்னா. "என்னதான்கா வந்துச்சு?"ன்னு சோடா கேட்டிருக்கா. "ஏதோ வந்துச்சுடி. பக்கத்துல நின்னுச்சு. அவ்ளோதான்"னு சொன்னா. சாயந்திரம் இவளை உக்கார வச்சுத் தலை வாரி விட ஆரம்பிச்சா.

அது... மருந்தோட வேகம் இறங்கற நேரம்.

சீப்பு நின்னுடுச்சு. கீழ விழுந்துச்சு. அக்கா பின்னாலயே நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போயிட்டா. சோடா திரும்பிப் பார்த்தா, அக்கா கதவைப் பார்க்கல, ஜன்னலைப் பார்க்கல. இவ தோளுக்கு மேல பார்க்கறா.

"நீ மட்டும் வாடி இங்க."

மட்டும்னு சொன்னாளாம்.

சோடா ஒரு அடி வச்சா. அக்கா வீடே அதிர அலறினா. இன்னொரு அடி. இன்னும் அலறல். அதுக்கப்புறம் சோடாவைக் கிட்டயே விடல. இப்போ அக்கா அவங்க பெரியம்மா வீட்டுல இருக்கா. தனியா படுக்கப் பயமா இருக்குன்னு சோடா நம்ம வீட்டுக்கு வந்துட்டா. பாவம், வேணாம்னு எப்படிச் சொல்றது?

ஏய்... யாரும் அந்தப் பக்கம் திரும்பாதீங்க. ஒண்ணு கேக்கறேன். நாம நடுவுலதானே வட்டமா உக்காந்தோம்? எப்போ எல்லாரும் இந்த எதிர்ச் சுவருக்கு வந்தோம்?

நம்ம வாண்டு சோடா பக்கத்துலதானே தூங்கிட்டிருந்தான்... கண்ணே திறக்காம உருண்டு உருண்டு இங்க வந்துட்டான் பாரு.