வண்டி ஏற்றி அனுப்பிய தளவாய் அண்ணாச்சி

மேடையில் இருக்கும் இந்த ஊர்ப் பெரியவர் நரசிம்மன் ஐயா அவர்களே, சங்கத்துத் தம்பிகளே, ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் மாடத்தியின் வணக்கம்.

ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். அண்ணாச்சியின் மெஸ்ஸில் கூட நின்று சமைத்தவள் என்பதால் அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேசுகிறேன்.

நம் தென்மாவட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் தளவாய் அண்ணாச்சி! ஒரகடத்தில் கம்பெனிகள் எழும்பிய காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இறங்கியவர். வேலை தேடி வந்த எந்தப் பிள்ளையை அவர் பசியோடு படுக்க விட்டார்? நம் ஆள் யார் இங்கே இறந்தாலும் ஆம்புலன்ஸ் பிடித்து, தானே முன் சீட்டில் ஏறி, சொந்த ஊரில் கொண்டு சேர்ப்பார். "நம்ம ஆளு அசலூர்ல கெடக்கக் கூடாது, மாடத்தி" என்பார். அதுவே நமக்கு வழக்கமாகிவிட்டது.

கடைசிக் காலத்துக்கென்று அவரும் ஊரில் வீடு கட்டினார். மெஸ்ஸை மகன் பேச்சிராஜிடம் விட்டுவிட்டுப் போனார். ஒரு வருடம் கோயில் கொடைத் திருவிழா பார்த்தார். அடுத்த கொடைக்குள் திரும்பி வந்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"தெருவுல எவனப் பாத்தாலும் 'எப்ப வந்தீய, எப்ப கெளம்புதீய'ன்னே கேக்கான். பேத்தி போனைப் போட்டு, 'தாத்தா, இன்னா இன்னும் வூட்டுக்கு வர்ல?'ங்கா. நான் எந்த வீட்டுக்குத்தான் போவ?" என்று சிரித்தார். சிரிப்பா அது!

படுக்கையில் விழுந்ததும் மகனையும் என்னையும் கூப்பிட்டார். "என்னைய வண்டியில ஏத்தாதீய. இங்கனயே போட்டுருங்க. பேத்தி நெனச்சா வந்து ஒரு பூவு போடுவா."

செய்தோமா? இல்லையே! மூச்சு அடங்கியதும் சுடுகாட்டில் இடம் கேட்டு இந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஓடினோம். நரசிம்மன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். "இது ஊர்க்காரங்க சுடுகாடும்மா. உங்காளுங்கள நீங்களேதான ஊருக்கு அனுப்பிக்கினு இருந்தீங்க? திடீர்னு வந்து கேட்டா இன்னா பண்றது?"

அண்ணாச்சி போட்ட வழக்கமே அண்ணாச்சியைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. அங்கே சொந்த ஊரில் குழி வெட்ட வந்தவர்கள், "யாரு, மெட்ராஸ்காரரா?" என்று கேட்டார்கள்.

இங்கே வந்து கிழவன் கிழவியானவர்கள் நாம் எத்தனை பேர்! நம் பேரப்பிள்ளைகளில் யார் இனித் தெற்கே போய் வாழப்போகிறார்கள்? என் பேரன் சிவசங்கர் இங்கே பக்கத்தில் தண்டலத்தில் இன்ஜினியருக்குப் படித்து முதலாவதாக வந்தவன்! அவனுக்கு ஊர் எது, சொல்லுங்கள்.

அண்ணாச்சி படத்தின் முன் சொல்கிறேன். வருகிற பிள்ளைக்குச் சோறு போடுவதை விடமாட்டோம். வண்டி ஏற்றும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். நம்மவர்களுக்கு இங்கே ஒரு துண்டு மண் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

அடுத்தது நானாகவும் இருக்கலாம். நரசிம்மன் ஐயா, அண்ணாச்சிக்கு மாலை போட்டுவிட்டீர்கள். போவதற்கு முன் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் எங்கே படுப்பது?