இடது கீழ் மூலை

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மிஸ் லாலர். ரொட்டி இன்று காலையில் சுட்டது. மலாக்கி பக்கத்து அறையில் இருக்கிறான், கதவைச் சாத்திவிட்டேன். என் தம்பியின் வாழ்க்கையை நீங்கள் புத்தகமாக எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்கள் கோப்பில் கண் மருத்துவமனைக்குப் போன கடிதம் இருக்கிறது என்பது, நீங்கள் எதையோ இரண்டு முறை வெளியே எடுத்து இரண்டு முறையும் உள்ளே வைத்தபோதே தெரிந்துவிட்டது. தயங்க வேண்டாம். நானே சொல்கிறேன்.

அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவருமே வரைவோம். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பா பள்ளி ஆசிரியர். டப்ளின் ஓவியப் பள்ளிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார். யாரை என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் ரயிலேறிய அன்று நான் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது வயதில் பெயரோடு திரும்பி வந்தான். எங்கள் மேயோ மாவட்டத்தின் சதுப்பு நிலமும் வானமும்தான் அவன் படங்கள். அடுப்புக்காக வெட்டி அடுக்கிய கரிமண், குட்டையில் கிடக்கும் தண்ணீர், அதற்கு மேல் முக்கால் பங்கு வானம். நல்ல கை. கொஞ்சம் அவசரக் கை.

ஒரு அக்டோபரில் ஒரு படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது. கட்டி வச்சுரு, நாளைக்கு வண்டி வருது."

அந்த மூலை அவன் கண்ணுக்குத் தெரியவேயில்லை. சாவித் துவாரத்தின் வழியாகப் பார்ப்பதுபோல் அவன் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்திருந்தது. சொன்னால் மனம் உடைந்துபோவான். அவன் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தபோது நானே அதை நிரப்பினேன். குட்டையை ஒட்டி ஒரு வண்டித்தடம். பழுப்பு, கொஞ்சம் நீலம். அரைமணி நேர வேலை.

டப்ளின் பத்திரிகை ஒன்றில் அந்தப் படத்தைப் பற்றி எழுதினார்கள். நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கும் போய்ச் சேராத அந்த வண்டித்தடம்தான் படத்தின் உயிர் என்று எழுதியிருந்தது.

மலாக்கி சிரித்தான். "வண்டித்தடமா? நான் எங்க போட்டேன்? அந்த ஆளு கண்ணாடிய மாத்தணும்."

"போட்டிருக்கே. மறந்துட்டே."

"இருக்கும்" என்றான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் மதுக்கடையில், அந்தத் தடத்தை ஒரு வாரம் யோசித்துப் போட்டதாக எல்லோருக்கும் விளக்கம் சொன்னானாம். தபால்காரர் பேடின் வந்து சொன்னார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த படத்தில் மூலையோடு நிற்காமல் குட்டையையும் திருத்தினேன். அதற்கடுத்ததில் வானத்தையும்.

வசந்தத்தில் அவன் கதவு நிலையில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். டப்ளினுக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தான். மே மாதம் கடிதம் வந்தது.

"ஆஸ்பத்திரி முத்திரை, ஹொனோரா" என்றார் பேடின். "தம்பிக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சா உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துரப் போறான்."

"உன் மூஞ்சி ரெண்டு மைல் தள்ளியே தெரியும். முதல்ல அதுக்குப் பயப்படட்டும்" என்றேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஜூன் முடிவதற்குள் அறுவை சிகிச்சை செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தாமதித்தால் முழுவதும் போய்விடும். அவ்வளவுதான் கடிதம். நான் அதை நிதானமாக யோசித்தேன். இருக்கிற பார்வையோடு ஒருநாள் அவன் தன் படத்தின் முன் நின்று சாண் சாணாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். கண் போனால் ஒரு மனிதன் வாழலாம். ஊர் புகழ்ந்தது தன்னை இல்லை என்று தெரிந்தால் எப்படி வாழ்வான்?

அடுப்படியில் உட்காரவைத்து வாசித்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வருந்துகிறோம் என்று.

"திரும்ப வாசி" என்றான்.

ஒரு வார்த்தை மாறாமல் திரும்ப வாசித்தேன்.

"சரி. தெரியுற வரைக்கும் வரைவோம்" என்றான். மறுநாள் தேநீர்கூடக் குடிக்காமல் சதுப்புக்குப் போய்விட்டான்.

ஜூலையில் மருத்துவர் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதினார். அறுவையில் தனக்கு விருப்பம் இல்லை என்று மலாக்கி கவன் எழுதிய பதில்தான் உங்கள் கோப்பில் இருப்பது. அந்தக் கையெழுத்து நான் போட்டது. படங்களில் அவன் பெயரைப் போட்டுப் போட்டு எனக்கு அது நன்றாகப் படிந்திருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அவனுக்குக் கண் முழுவதும் இருட்டிவிட்டது. ஆனாலும் வரைந்தான். தட்டில் நிறங்களை ஒரே வரிசையில் பிதுக்கி வைப்பேன். எது எங்கே என்று விரலால் தொட்டுச் சொல்வான். "முள்புதர்ப் பூவுல மஞ்சள் சரியா விழுந்திருக்கா?" என்று கேட்பான். விழுந்திருக்கிறது என்பேன். அவன் இல்லாத நேரத்தில் கத்தியால் சுரண்டிவிட்டு, அதே துணியில் என் படத்தை வரைவேன். நீங்கள் 'குருட்டுக் காலத்து அற்புதங்கள்' என்று எழுதியிருக்கும் ஒன்பது படங்களும் அப்படி வந்தவைதான்.

எல்லாம் கிறுக்கலாக இருந்ததால்தான் சுரண்டினேன் என்று உங்களிடம் சொல்லிவிடலாம். ஒன்று அப்படி இல்லை. கண் தெரியாமல் அவன் போட்ட அந்த மஞ்சள், மழைக்குப் பின் முள்புதர் நிற்கிற மாதிரியே நின்றது. நானோ, கண் தெரிந்த காலத்தில் அவனோ அப்படிப் போட்டதில்லை. அதை மட்டும் ஈரம் காயும் முன்பே சுரண்டினேன். அதற்குப் பிறகு, அவன் மூட்டுவலியைக் காரணம் சொல்லித் தூரிகையை எடுத்து வைத்துவிட்டேன்.

நீங்கள் அவனிடம் போய்ச் சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவன் என்னைத்தான் கேட்பான், இது நிஜமா என்று.

கூப்பிடுகிறான், கேட்கிறதா? "ஹொனோரா, வெளிய எப்படி இருக்கு?" தினமும் இதே கேள்விதான். வெயிலில் விரிகுடா முழுவதும் எப்படி மின்னுகிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். அவன் நாற்காலியை வடக்கு ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். அங்கே முகத்தில் வெயில் படாது. மூட்டமாக இருக்கிறது, பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். பதினேழு வருடமாக அதைத்தான் சொல்கிறேன். வெயில் அடிக்கிறது என்றால் ஏங்கிப்போவான். அவனைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?