மச்சான் எழுத மறுத்த மெஷின்

பிறர் தங்களுக்குள் பேசியது காதில் விழுந்ததை எழுதுவது முறையா என்று பல வருஷம் தயங்கினேன். இன்று முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் தோட்டக் கருவிகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். மற்றவர் அவருடைய தங்கை புருஷன், புதிதாக மெஷின் கடை போட்டவர்.

“என் மருந்தடிக்கிற மெஷினப் பத்தி எழுத இன்னொரு மழை பெய்யணுமா மச்சான்?”

“ஒரு மழைக்காலம் சரிவுல ஓடாத மெஷினப் பத்தி நான் எழுதுறதில்ல மாப்ளே. இப்ப கையில ஒரே சோலிதான். ஏலக்காய் உலர்த்துற அடுப்புல விறகக் கொறைக்கிறது எப்படின்னு எழுதுறேன்.”

“அதுக்குள்ள கடையப் பூட்டிருவேன். உங்க தங்கச்சி மொகத்துக்காகவாச்சும் நாலு வரி எழுதுங்க.”

“நீங்க சொந்தம். அதனால மழைக்கு அப்புறமும் எழுத மாட்டேன். எழுதுனா, நான் எழுதுற மத்ததையும் எவன் நம்புவான்? கடையக் கூட்டச் சொல்லுங்க, கூட்டுறேன். லோடு எறக்கச் சொல்லுங்க, எறக்குறேன். எழுத்த மட்டும் கேக்காதீங்க.”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போடிமெட்டில் இறங்கும்போது அங்கே நின்ற ஒரு தோட்டத்துக்காரர் கடைக்காரரிடம் கேட்டார்.

“கூட வர்றது யாருப்பா?”

“எங்க மச்சான்ணே! மெஷினப் பத்திப் பத்திரிகையில எழுதுறாரே, அவருதான். சொந்தத் தங்கச்சி புருசன் கடைக்கே எழுத மாட்டேன்னுட்டாரு, பாத்துக்கங்க!”

அந்தக் குரலில் இருந்த பெருமை ஜீப் முழுக்கக் கேட்டது.

அந்தக் கடை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் பிழைத்ததாகச் சேர்த்துவிடாமல், உள்ளபடியே சொல்லுங்கள்.